உன் பச்சை நோட்டு

மன்னார்குடி,
ஐப்பசி 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று பார்சல் அனுப்பியாயிற்று. முறுக்கு, ஓமப்பொடி, அத்தை இடித்துக் கொடுத்த பருப்புப் பொடி, அப்பா பிடிவாதமாக வைக்கச் சொன்ன நார்த்தங்காய் ஊறுகாய். அதிரசம் வைக்கவில்லை. போன வருஷம் வந்து சேர்வதற்குள் பூசணம் பிடித்துவிட்டது என்றாய். இங்கே நாலு நாளாக மழை. கொல்லைச் சுவர் மறுபடியும் ஊறிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போன ஞாயிறு நீ பேசியது பதினோரு நிமிஷம், அதற்கு முந்தின ஞாயிறு ஒன்பது. அந்த நேரம் முழுக்க, பிள்ளைகள் தாங்கள் எழுதியதைக் கொண்டுவந்து உதவி கேட்கும் உங்கள் பல்கலைக்கழகத்து ரைட்டிங் சென்டர் வேலையைப் பற்றியே சொன்னாய். எனக்குச் சந்தோஷம்தான். என் பெண் அமெரிக்காவில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கே கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லிக்கொடுப்பது இல்லம்மா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது என்று நீ திருத்துவாய். தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, நீ ஆறாவது படிக்கும்போது பிரவுசிங் சென்டருக்குப் போய் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்து ரைட்டிங் லேப் பக்கங்களை பிரிண்ட் எடுத்து வருவேன். நீயும் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வருவாய். அந்த லேப் 1976லேயே தொடங்கியது, 1994லிருந்து இணையத்தில் இருக்கிறது என்பதெல்லாம் இப்போது நீ சொல்லித்தான் தெரியும். அந்தத் தாள்களை வைத்துத்தான் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஆங்கிலத்து 'தி'க்கும் 'ஏ'க்கும் (the, a) மல்லுக்கட்டினேன். 'தி' என்பதற்கு ஈடாகத் தமிழில் சொல்லே இல்லை. மாண்டரினிலும் கொரிய மொழியிலும்கூட இல்லை, அதனால் அந்த மொழிகள் பேசும் பிள்ளைகள் அதை விட்டுவிடுவதைக் கவனக்குறைவு என்று நினைக்கக்கூடாது என்று உங்கள் பயிற்சி வகுப்பில் சொன்னார்களாமே. நான் இத்தனை வருஷம் கவனக்குறைவு என்றுதான் சிவப்பு மையில் எழுதினேன்.

வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்காதே. விசா விதி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ராத்திரி கடைசி பஸ்ஸுக்குக் காத்து நிற்காதே. மற்ற பிள்ளைகளின் கட்டுரையை உட்கார்ந்து கேட்கிறாய், நல்லது. உன் வேலைக்கும் நேரம் வை.

நீ சொன்னவை எல்லாம் எனக்கு மனப்பாடம். எதிரே உட்காரக்கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். பேனா வந்த பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். முதலில் ஆசிரியர் என்ன கேட்டிருக்கிறார், எப்போது கொடுக்க வேண்டும், உனக்கு எந்த இடத்தில் உறுத்துகிறது என்று கேட்க வேண்டும். எழுதியதை அந்தப் பிள்ளையே வாய்விட்டுப் படிக்க வேண்டும். சொல்ல வந்தது என்ன, அது வரிசையாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கமாவும் எழுத்துப்பிழையும். மார்க் எவ்வளவு வரும் என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. கேள்வி கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை யோசித்து முடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டும், அதுதான் ரொம்பக் கஷ்டம் என்றாய். எழுதியதைச் சரிபண்ணுவது இல்லை, எழுதுகிறவரை வளர்ப்பதுதான் வேலை என்று ஸ்டீபன் நார்த் என்ற ஆங்கிலப் பேராசிரியர் ரைட்டிங் சென்டர்களைப் பற்றி 1984லேயே எழுதியிருக்கிறாராம். அந்த வருஷம் நான் பிளஸ் டூ. எனக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை.

சரி, ஒன்று கேட்கிறேன். ஒன்றுமே எழுதாமல் வெறும் தாளோடு ஒரு பிள்ளை வந்தால் என்ன செய்வாய்? கெட்டிக்காரப் பிள்ளை, எல்லாம் தெரியும், ஆனால் எட்டு மாதமாக ஒரு வரி ஓடவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை என்றால்? திட்டுவாயா? மாட்டாய். எழுதாவிட்டால் போகிறது, வாயால் சொல்லு, நான் குறித்துக்கொள்கிறேன் என்பாய். அப்படித்தானே சொன்னாய்? உன்னைப் போல அங்கே உட்கார்ந்து கேட்கும் ட்யூட்டர்களும் தங்கள் சொந்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு ட்யூட்டரிடம் போய் உட்காரலாம் என்றும் சொன்னாய். தம்பி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் பத்தாம் வகுப்பில் நானும் அதைச் செய்து பார்த்தேன். கடைசி பெஞ்சு பையன் ஒருவன், விடுப்புக் கடிதம்கூட ஒழுங்காக எழுத வராது. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து படிடா என்றேன். பயந்து போய்ப் படித்தான். மூன்றாவது வரியில் தானாக நின்றான். "டீச்சர், இங்க ஏதோ விட்டுப்போச்சு" என்றான். விட்டுப்போனது என்ன என்று எனக்குத் தெரியும். என் கை பேனாவைத் தேடியது. அடக்கிக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து அவனே எழுதினான். அப்போது அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உன் நினைவுதான் வந்தது. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன்.

உன் பச்சை நோட்டு அங்கேதான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மாவட்டக் கட்டுரைப் போட்டிக்கு நீ எழுதியது அதில் இருக்கிறது. 2012. மேட்டூரை ஜூன் 12ல் திறக்காமல் செப்டம்பரில் திறந்தார்களே, அந்த வருஷம். "பாமணியில் தண்ணீர் வராதவரை தாத்தா வாசல் திண்ணையில் உட்காரவே இல்லை" என்று ஆரம்பித்திருக்கிறாய். அதன் மேல் என் சிவப்புக் கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு குறள், பிறகு அணையின் கொள்ளளவு, பிறகு அடுத்த ஏழு பக்கமும் என்னுடையது. நீ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பேனா என் கையில் இருந்தது. முதல் பரிசு வந்தது. அந்தக் கோப்பையை நீ ஒருநாளும் கையால் தொட்டதில்லை. வெட்கப்படுகிறாய் என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். அந்தக் கட்டுரைக்குப் பிறகு நோட்டு முழுக்கக் காலி. அதற்கு முன்னால் கதை, பாட்டு, கிணற்றடிப் பூனை பற்றி ஒரு கடிதம் எல்லாம் இருக்கிறது.

உன் வரிதான் நல்ல வரி பாப்பா. தாத்தா உட்காராததை நான் கவனிக்கவே இல்லை. அதே வீட்டில்தான் இருந்தேன். நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்ய நீ அவ்வளவு தூரம் போனதற்கு அந்தத் திண்ணைதான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது. போன வருஷம் முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்பினாய். அதிலும் முப்பது இடத்தில் திருத்தி அனுப்பினேன். எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அதன் பிறகு நீ எதையும் அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு உனக்கு நேரம் இருந்தால், எழுதியது எதுவாக இருந்தாலும் போனில் படி. பாதி வாக்கியமாக இருந்தாலும் சரி. எழுதவில்லை என்றால் எழுத நினைத்ததைச் சொல்லு. நான் ஸ்பீக்கரில் போட மாட்டேன், அப்பா டிவி பார்த்துக்கொண்டிருப்பார். மாடி அறையில் உட்கார்ந்து கேட்கிறேன். கையில் பேனா இருக்காது. இங்கே ராத்திரி பதினொன்று வரை விழித்திருப்பேன்.

பருப்புப் பொடியை ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. வேளைக்குச் சாப்பிடு. கடைசி பஸ் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா