மாரிக்கு முன் கூரை ஏற வேண்டும்: தமிழ்ப் பௌத்த வாசிகசாலைக்கான நன்கொடை வேண்டுகோள்

அன்புக்குரிய ஊரவர்களே, வெளிநாடுகளில் வாழும் உறவுகளே, ஏற்கனவே கைகொடுத்த கொடையாளர்களே,

புத்தர், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளை வணங்கி இதை எழுதுகிறோம். ஓமந்தைக்கு வடக்கே, ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் நாம் எல்லோரும் சேர்ந்து கட்டிவரும் வாசிகசாலை சுவர் மட்டத்தில் நிற்கிறது. யன்னல்களுக்கு மேல் லிண்டல் போட்டாயிற்று. கூரை இல்லை. ஐப்பசி பிறந்தால் வன்னியில் மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குள் வளை, சலாகை ஏற்றி ஓடு போடாவிட்டால் சுவர் ஊறும், மேலே விட்டிருக்கும் கம்பி துருப்பிடிக்கும், தை கழிந்த பிறகுதான் மறுபடி கை வைக்கலாம் என்று மேசன் சொல்லிவிட்டார். கையில் இருப்பது 2,15,000 ரூபா. கூரைக்கு மட்டும் 8,40,000 ரூபா வேண்டும். உடனடியாகக் குறைவது 6,25,000 ரூபா.

புத்தகங்களின் நிலை இன்னும் கவலை தருகிறது. அவை செயலாளர் வீட்டு விறாந்தையில் பெட்டிகளில் கிடக்கின்றன. அடியில் கல் வைத்து உயர்த்தி, பொலித்தீன் சுற்றித்தான் வைத்திருந்தோம். ஆனாலும் சென்ற மாரியில் ஒரு பெட்டிக்குள் கறையான் ஏறிவிட்டது. இடப்பெயர்வுக் காலத்தில் ஓர் ஆசிரியர் ஊர் ஊராகச் சுமந்து காப்பாற்றிய மணிமேகலை உரைநூல் அதில் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது முதுகுத் துணியும் பின்பக்க அட்டையும் இல்லை. கடைசிக் காதைகள் இருந்த இடத்தில் ஈர மண் அப்பியிருந்தது. தட்டினால் தாள் தூளாகக் கொட்டியது. செல்லடிக்குத் தப்பிய புத்தகத்தை நம் வீட்டு விறாந்தையில் பறிகொடுத்தோம். இன்னொரு மாரி இப்படிப் போகக் கூடாது.

இது என்ன இடம், யாருக்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பது நியாயம். இந்த மண்ணில் புத்தர் பெயரைச் சொன்னாலே காணியைப் பற்றியும் சிலையைப் பற்றியும் பயம் வருகிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்கும் தெரியும், எங்கள் வீடுகளும் இங்கேதான் இருக்கின்றன. ஆகவே நேராகச் சொல்கிறோம். காணி கால் ஏக்கர், எங்களில் ஒரு குடும்பம் தன் சொந்தக் காணியிலிருந்து உறுதி முடித்துத் தந்தது. பிரதேச சபை அனுமதி இருக்கிறது. சிலை எழுப்பும் திட்டம் இல்லை. யாரையும் மதம் மாற்றும் வேலையும் இல்லை. புத்தர் சொன்னதைத் தமிழில் வாசிக்க, சந்தேகம் கேட்க, கொஞ்ச நேரம் கண்ணை மூடி அமைதியாக உட்கார ஒரு மண்டபம். இவ்வளவுதான். உறுதியும் அனுமதிக் கடிதமும் குழுவிடம் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம்.

எங்கள் மூத்தவர்கள் ஒரு விடயத்தைக் கட்டாயம் எழுதச் சொன்னார்கள். தமிழருக்கு இது புதிய வழி அல்ல. வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்தில் குகைக் கல்வெட்டுகள் உண்டு. பழைய பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், விசாகன் என்ற தமிழ் வணிகனின் குகை என்று அங்கே பொறித்திருக்கிறது. மழையில் நனையாமல் துறவிகள் தங்குவதற்காகக் கொடுத்த இடம் அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், நம் மாவட்டத்திலேயே, ஒரு வியாபாரி செய்த தானம்! திருகோணமலைப் பக்கம் வெல்கம் விகாரையைப் பாருங்கள். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே விளக்கெரிக்கக் கொடை தந்தவர்களின் செய்தியைத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் சொல்கின்றன. அந்தப் பக்கம் நாகபட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே முதலாம் இராசராசன் கொடுத்தான். அவன் சிவபக்தன், தஞ்சைப் பெரிய கோயில் கட்டியவன். ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதற்குத் துரோகம் என்று அவன் நினைக்கவில்லை.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசி விசாகப் பொங்கல் பொங்கும் நமக்கு அவள் யார்? கண்ணகியின் கணவன் கோவலனுக்கு மாதவி வயிற்றில் பிறந்த மகள். கணிகையர் குலத்துப் பெண் என்று ஊர் ஒதுக்கிய பிள்ளை. அவள் மணிபல்லவத்துக்கு வந்து புத்தபீடிகையைத் தொழுது, அமுதசுரபியைப் பெற்றுப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். அந்த மணிபல்லவம் நம் நயினாதீவுதான் என்று சொல்லும் அறிஞர்கள் பலர். பிறகு வஞ்சி நகரத்துக்குப் போகிறாள். போனதும் முதலில் கண்ணகிக் கோட்டத்தில் வணங்குகிறாள். அதன்பின் வைதிகம், சைவம், வைணவம், ஆசீவகம், நிகண்டம், சாங்கியம், வைசேடிகம் என்று ஒவ்வொரு சமயத்து ஆசிரியரிடமும் போய்க் கேட்கிறாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. எங்கள் வாசிகசாலையின் வழி அதுதான்: வா, கேள், யோசி, பிறகு உன் விருப்பம்.

புத்தர் காலத்திலேயே அப்படித்தான். நாளந்தையில் உபாலி என்ற செல்வந்தர் நிகண்டரின், அதாவது சமணத் துறவியரின், சீடராக இருந்தவர், புத்தரோடு வாதம் செய்யவே வந்தார். பேசி முடிந்ததும் நான் உங்கள் சீடன் என்றார். நன்றாக யோசித்துச் செய், உன்னைப் போல ஊரறிந்தவர் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றுதான் புத்தர் சொன்னார். உன் வீட்டில் இத்தனை காலம் நிகண்டர்களுக்கு உணவு கிடைத்தது, அதை நிறுத்திவிடாதே என்றும் சொன்னார். புதிதாக வருபவர்களிடம் நாங்கள் முதலில் சொல்லும் கதை இது. சாக்கிய இளவரசர்களோடு துறவுக்கு வந்த இன்னொரு உபாலி, அவர்களுடைய முடிதிருத்துநர். முதலில் அவரைச் சங்கத்தில் சேருங்கள், அப்போதுதான் நாங்கள் அவரை வணங்கி எங்கள் கர்வத்தை விடுவோம் என்று இளவரசர்களே கேட்டார்கள்.

எங்கள் பூரணைதின வாசிப்புக்கு வருபவர்களும் ஒரே வாசலால் வந்தவர்கள் இல்லை. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் சில. அவர்கள் வீட்டில் அம்பேத்கரின் படம் இருந்தது. 1956 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபுரியில் அவர் இலட்சக்கணக்கான மக்களோடு தம்மத்தைத் தழுவிய செய்தியைத் தாத்தா சொல்லிக் கேட்ட பேரன் எங்களுக்குப் பொருளாளர். அவர் மூலம்தான் அயோத்திதாசரைப் பற்றி எங்களில் பலர் அறிந்தோம். சென்னையில் சித்த வைத்தியம் செய்த தமிழறிஞர். 1898இல் பிரம்மஞான சபையின் ஒல்கொட்டோடு கொழும்புக்கு வந்து, வித்தியோதயப் பிரிவெனா என்ற பிக்குகள் கல்லூரியில் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றவர். திரும்பிப் போய்ச் சங்கம் அமைத்தார், 1907இல் பத்திரிகையும் தொடங்கினார். சாதியால் தள்ளிவைக்கப்பட்ட மக்களுக்கு, உங்கள் முன்னோர் பௌத்தர், நீங்கள் யாருக்கும் தாழ்ந்தவர்கள் இல்லை என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லை நம்பி வந்தவர்கள் எங்களிடையேயும் இருக்கிறார்கள்.

இன்னொருவர் தூக்கம் வராமல் தவித்தவர். அனுராதபுரத்தில் பத்து நாள் விபாசனா தியானத்துக்குப் போய்வந்தார். மதம் மாற அவர் போகவில்லை. அந்தப் பயிற்சியைப் பரப்பிய கோயங்காவும் அப்படித்தான் போனார்: பர்மாவில் பிறந்த இந்து வியாபாரி, தாங்க முடியாத தலைவலிக்கு மருந்து தேடி 1955இல் ஊ பா கின் என்ற அரச கணக்காளரிடம் போய்ச் சேர்ந்தவர். அந்த வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. முடித்துப் போனவர்கள் அடுத்து வருபவர்களுக்காகக் கொடுப்பதில்தான் அது நடக்கிறது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், கீழே பணக் கணக்குச் சொல்லும்போது உதவும்.

பிறகு ஓர் அம்மா. 2009 வைகாசிக்குப் பிறகு மகனைத் தேடிக்கொண்டிருப்பவர். அவரோடு வந்த பெண்பிள்ளை ஒரு நாள் கிசாகௌதமியின் கதையை வாசித்தாள். இறந்த குழந்தையைச் சுமந்துகொண்டு மருந்து கேட்ட தாயிடம், சாவு விழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்பிய கதை. வாசித்து முடிந்ததும் யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் கேட்டார்: "அந்தத் தாய்க்குப் பிள்ளை கையிலயாவது இருந்தது. எனக்கு?" பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் அடுத்த பூரணைக்கும் வந்தார். இப்போதும் வருகிறார். வற்றாப்பளைக்கும் போகிறார், மகனின் படத்தோடு வீதியோரப் போராட்டப் பந்தலிலும் இருக்கிறார். எதையும் விடச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டோம். அவருக்கு வெயிலில்லாத ஓர் இருக்கை, ஒழுகாத ஒரு கூரை. அதைக்கூட நம்மால் கொடுக்க முடியாதா?

சரி, கணக்குக்கு வருவோம். இதுவரை கிடைத்தது 23,60,000 ரூபா. அத்திவாரம், சுவர், லிண்டல், சீமெந்து, கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 21,45,000 செலவாகிவிட்டது. இனிமேல் வேண்டியது: கூரை 8,40,000, கதவு யன்னல்கள் 3,75,000, நிலத்துக்குச் சீமெந்து 2,10,000, மின்சார வேலை 1,65,000, புத்தக அலுமாரிகள் 1,90,000, மலசலகூடமும் தண்ணீர்த் தாங்கியும் 2,60,000. மொத்தம் 20,40,000 ரூபா. கையிலிருப்பதைக் கழித்தால் 18,25,000 குறைகிறது. கூரை மட்டும் இப்போது, மற்றவை அடுத்த வெசாக்குக்குள். முதல் மதிப்பீட்டைவிடச் செலவு கூடியது உண்மை. மரத்தின் விலையும் சீமெந்தின் விலையும் நாங்கள் தொடங்கியபோது இருந்த விலை இல்லை.

இதுவரை தந்தவர்களை மறந்துவிட்டு மேலும் கேட்பது அழகல்ல. பெயர் வேண்டாம் என்று பலர் சொன்னதால் பெயரில்லாமலே நன்றி சொல்கிறோம். காணி தந்த குடும்பத்துக்கு முதல் வணக்கம். வவுனியா நகரில் இரும்புக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் சகோதரர் சீமெந்தைக் கடனுக்குத் தந்தார், காசு கேட்டு ஒருமுறைகூட அழைக்கவில்லை, கடைசித் தொகையை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மடுவீதிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று தன் உழவு இயந்திரத்தில் மணலும் கல்லும் ஏற்றித் தந்து டீசல் காசுகூட வாங்கவில்லை. காலபோக அறுவடை முடிந்ததும் ஆளுக்கொரு மூட்டை நெல் கொண்டுவந்து இறக்கிய சகோதரிகளை எப்படி மறப்போம்? அந்த நெல்லை விற்ற காசில்தான் அத்திவாரத்தின் ஒரு பக்கம் எழுந்தது. ஒரு காலை இழந்த தையற்காரர் ஒவ்வொரு மாதமும் 500 ரூபா தருகிறார். ஒரு மாதமும் தவறவில்லை. தமிழ் கற்றுக்கொண்டு எங்களோடு தமிழிலேயே பேசும் பிக்கு ஒருவர் தனக்குக் கிடைத்த தமிழ் நூல்களையெல்லாம் எங்களுக்கு அனுப்பிவைத்தார். கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் பிள்ளைகள் இரவு வேலை செய்து அனுப்பிய பணமும் அந்தச் சுவரில் இருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் மும்மணிகளின் ஆசி கிட்டட்டும்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். சென்ற வெசாக் கூட்டத்தில் எழுந்து நின்று வாக்குத் தந்தவர்களில் பாதிப் பேரின் பணம் இன்னும் வந்து சேரவில்லை. கஷ்டப்படுபவர்களை நாங்கள் கேட்கவில்லை. வசதி இருந்தும் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போடுபவர்களைத்தான் கேட்கிறோம். சபை நடுவில் சொன்ன சொல் அது. பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து, ட்ரோன் கமரா வைத்து, ஒரே இரவில் இலட்சங்களைச் செலவழிக்கும் ஊர் இப்போது நம்முடையது. பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்க ஒரு கூரைக்கு 6,25,000 ரூபா சேரவில்லை என்றால், நாளை அந்தப் பிள்ளைகள் கேட்கும்போது என்ன சொல்லப் போகிறோம்? 500 ரூபா தையற்காரரின் பெயர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் மாதாமாதம் ஏறுகிறது. அதைப் பார்க்கும்போது எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

சாவத்தியில் அனாதபிண்டிகர் என்ற செல்வந்தர் புத்தர் தங்குவதற்காக ஜேதவனத்தை வாங்கியபோது, நிலம் முழுவதையும் பொற்காசால் மூட வேண்டும் என்பது ஜேதன் என்ற இளவரசனின் நிபந்தனை. வண்டியில் கொண்டுவந்த காசு போதவில்லை. வாசல் பக்கம் ஒரு துண்டு நிலம் மூடப்படாமல் நின்றது. அதைப் பார்த்த இளவரசன், அந்தத் துண்டு என்னுடைய தானமாக இருக்கட்டும் என்று சொல்லி அங்கே வாசல் மண்டபம் கட்டிக் கொடுத்தான். எங்களுக்கும் குறைவது அந்த ஒரு துண்டுதான்.

ஒரு ஓட்டின் விலையாக இருந்தாலும் தாருங்கள். பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், சீட்டில்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வங்கிக் கணக்கு விபரம் சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்கள் ஊரிலுள்ள உறவினர் மூலம் பொருளாளரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு அனுப்புங்கள். வரவுசெலவுக் கணக்கு ஒவ்வொரு பூரணை தினத்திலும் வாசிக்கப்படும், உண்டியலும் அன்றே எல்லோர் முன்னிலையிலும் திறக்கப்படும். பணம் தர முடியாதவர்கள் ஓடு வந்து இறங்கும் நாளில் வாருங்கள். லொறி ஒழுங்கைக்குள் வராது, வீதியிலிருந்து கைமாற்றித்தான் கொண்டுவர வேண்டும், வரிசையில் நிற்க நிறைய ஆட்கள் தேவை. மதியச் சாப்பாடு சகோதரிகள் சமைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். புரட்டாதி மாதப் பூரணைக்குள் கூரைப் பணம் சேர்ந்தால்தான் மரக்காலையில் முற்பணம் கட்ட முடியும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் கட்டடக் குழுவினர்,
தமிழ்ப் பௌத்த வாசிகசாலை, ஓமந்தை.