கேரல் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3-ஆம் நாள் உள்ளூர் விடுமுறை விடுவதில் தொடங்கி, புத்தாண்டு கழியும்வரை குமரி மாவட்டத்துப் பிள்ளைகளின் கை மிட்டாயில்லாமல் இருப்பதில்லை. திருவிழாக் கடைகளில் ஏணிப்படி மிட்டாய், வீட்டில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும், போதாக்குறைக்கு இரவில் கேரல் பாடி வருவோருடன் ஆடி வரும் கிறிஸ்துமஸ் தாத்தா அள்ளித் தரும் டாஃபி. இவற்றை நிறுத்தச் சொல்லும் துணிவு எனக்கில்லை. கொடுக்கும் நேரத்தைப் பற்றி மட்டுமே எழுத விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குக் கேரல் குழுவினர் வந்தபோது இரவு பதினொரு மணி கடந்திருந்தது. தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்த என் ஏழு வயதுப் பேரன், கிறிஸ்துமஸ் தாத்தா கொடுத்த டாஃபியை வாயில் அதக்கியபடியே மறுபடி உறங்கிவிட்டான். காலையில் தலையணை உறையில் பழுப்பாக ஒரு கறை. கன்னத்துக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையில் கரையாத மிச்சம். ஜனவரி முதல் வாரத்தில் அந்தப் பக்கம் வலி தொடங்கியது. ஓர் இரவில் வந்த சொத்தையன்று அது, பல நாள் வேலை என்று மருத்துவர் விளக்கினார். பாற்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்ட அந்தப் பல், ஆயுளுக்கும் இருக்கவேண்டிய நிலையான பல் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே பாற்பற்களுக்குப் பின்னால் இது முளைப்பதால், முப்பது ஆண்டு பள்ளியில் பிள்ளைகளோடு கழித்த நானே ஏமாந்துபோனேன்.

இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களில் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கத் தொடங்க, உமிழ்நீர் அதைத் தணித்து இழந்த தாதுக்களைத் திரும்பக் கொடுக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். ஆகவே பத்து மிட்டாயைச் சாப்பாட்டுடன் ஒரே மூச்சில் தின்னும் பிள்ளையைவிட, அதே பத்தையும் பகல் முழுவதும் ஒவ்வொன்றாகச் சப்பும் பிள்ளையின் பல்லே அதிகம் கெடும். சுவீடனின் விபெஹோல்ம் மருத்துவமனையில் 1940-களில் தொடங்கி 1954-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது; உணவோடு உண்ட சர்க்கரையைவிட, இடைவேளைகளில் தின்ற ஒட்டும் டாஃபியே பற்களை மிகுதியாகச் சிதைத்தது. (ஒப்புதல் தர இயலாத மனவளர்ச்சி குன்றியோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு அது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.) உறங்கும்போதோ உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. நள்ளிரவு டாஃபியைப் போல் பல்லுக்குக் கேடு வேறில்லை என்று நான் கருதுவது இதனால்தான்.

கருப்பட்டி நாட்டுப்பொருள், அது பல்லைக் கெடுக்காது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான்; கிருமிக்கு நாட்டுப்பொருள், கடைப்பொருள் என்ற வேறுபாடு கிடையாது. ஆயினும் மாலைக் காப்பியோடு கருப்பட்டி சேர்த்த இரண்டு முந்திரிக்கொத்தைத் தின்று முடித்துவிடுகிற பிள்ளையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படமாட்டேன்.

எனவே, சபைகளின் இளைஞர் குழுவினரும் கேரல் பொறுப்பாளர்களும் இந்த ஆண்டு மிட்டாயைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல், வீட்டுப் பெரியவரிடம் ஒரு பொட்டலமாகக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அதைப் பிரித்துக்கொள்ளலாம். பென்சிலோ ஆரஞ்சுப் பழமோ கொடுத்தால் இன்னும் நல்லது. வறுத்த கடலை கொடுக்கலாமே என்று சிலர் சொல்வர். மிகச் சிறு குழந்தைகளுக்கு அது மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் வேண்டாம்.

பெற்றோர், விருந்தினர் வந்த நாளானாலும், படுக்கும் முன் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் தாங்களே பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் அரிசிமணியளவும், மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பட்டாணியளவும் பற்பசை போதும். தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது, வாசலில் கேரல் மேளம் கேட்டாலும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தக்கலை.