கதவில் ஒட்டிய சீட்டுகள்

சுங்கை சிப்புட்
ஞாயிறு மாலை

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஃபோனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு நீ அழுததும் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பசியாறினாயா, தூங்கினாயா என்று எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்று நாளாக மனசு கேட்கவில்லை. உன் பழைய பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த தாளில்தான் இதை எழுதுகிறேன்.

"ஜெர்மன் புத்தகத்தைத் தொட்டு அஞ்சு வாரம் ஆச்சும்மா. ஆசையே போச்சு" என்று சொன்னாய். ஜெர்மனிக்குத் தாதி வேலைக்குப் போக வேண்டும் என்றுதானே அதைப் படிக்கத் தொடங்கினாய்?

முதலில் ஒன்றை உன்னிடம் சொல்லிவிட வேண்டும். நீ அப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. சரி, இனி பிள்ளை பினாங்கிலேயே இருக்கும், லீவு கிடைத்தால் பஸ் ஏறி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். விடியற்காலையில் தண்ணீர் எடுக்க ஐஸ்பெட்டிப் பக்கம் போனால், தீபாவளிக்கு வந்தபோது நீ ஒட்டிய சீட்டு கண்ணில் பட்டது. ‘டேர் கூல்ஷ்ராங்க்’. நான் படிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாய். கூல் என்றால் குளிர், ஷ்ராங்க் என்றால் அலமாரி, நம்மைப் போலவே இரண்டு சொல்லை ஒட்டி ஒரு சொல் ஆக்குகிறார்கள் அம்மா என்று சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? அந்த முகம் ஞாபகம் வந்ததும், நான் பட்ட நிம்மதி எனக்கே பிடிக்காமல் போய்விட்டது.

சீட்டு ஒன்றையும் நான் கிழிக்கவில்லை. கதவில் ‘டி ட்யூர்’ இருக்கிறது. ஜன்னலில் ‘டாஸ் ஃபென்ஸ்டர்’ ஓரம் கிளம்பி வந்தது, பசை போட்டு ஒட்டிவிட்டேன். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை என்று நீ சொன்னதை உன் அப்பா இன்னமும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தினமும் தூசி தட்டித் தட்டி எனக்கு எல்லாம் மனப்பாடம்.

இப்போது உன் படிப்புக்கு வருகிறேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. பாலுக்கு ரப்பர் மரம் வெட்டத் தெரியும். 22 வருஷம் வெட்டியிருக்கிறேன். நீ படித்த விதத்தைக் கேட்கும்போது எனக்கு அந்த வேலைதான் ஞாபகம் வருகிறது.

நான் 16 வயதில் உன் பாட்டியோடு நிரைக்கு, அதாவது வெட்ட வேண்டிய மரவரிசைக்கு, போனேன். முதல் வாரமே பெரிய ஆள்போல் கத்தியை அழுத்தினேன். ஆழமாக வெட்டினால் நிறைய பால் வரும் என்பது என் கணக்கு. கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டுவிட்டது. பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் திரும்ப வளரும், பிறகு அங்கே ஒழுங்காகக் கத்தி ஓடாது. சீவ வேண்டியது ஓர் அரிசியின் தடிமன்தான். அதுவும் ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவோம். பட்டைக்குள் பால் திரும்ப ஊற வேண்டாமா? அவசரப்பட்டுத் தினமும் வெட்டினால் பட்டை வறண்டு, பால் வருவதே நின்றுபோகும்.

இன்னொன்றும் உண்டு. புது மரத்தை முதல்முதலாக வெட்டினால் பால் பிடிக்கிற மங்கின் அடி நனைகிற அளவுக்குத்தான் பால் வரும். பார்த்தால் வருத்தமாக இருக்கும். அதே வெட்டில் திரும்பத் திரும்பச் சீவும்போதுதான் பால் கூடும்.

நீ என்ன செய்தாய்? ஆஃப் கிடைத்த நாளில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தாய். ஒரே நாளில் 80 வார்த்தை எழுதினேன் என்று படம் எடுத்து அனுப்பினாய். அப்புறம் நைட் ஷிஃப்ட் வந்தது, எட்டு நாள் புத்தகம் பக்கமே போகவில்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று மறுபடி ஐந்து மணி நேரம். அதற்குள் பாதி மறந்துபோயிருக்கும், உடம்பும் களைத்திருக்கும். இதில் ஆசை எப்படித் தங்கும்? உனக்குச் சோம்பேறித்தனம் என்று நீயே சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. 12 மணி நேரம் வார்டில் நிற்கிற பிள்ளை சோம்பேறியா? நீ கட்டை வரைக்கும் வெட்டிவிட்டாய், அவ்வளவுதான்.

காலை மூன்றரைக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கொசுக்கடியில் போனோமே, ஆசைப்பட்டா போனோம்? ஆசை என்றைக்காவது இருக்கும், பல நாள் இருக்காது. முதல் பத்து மரம் வெட்டும்வரை தூக்கம் இருக்கும். அப்புறம் கை தானாக ஓடும். நீ ஆசை வரட்டும் என்று காத்திருக்கிறாய். புத்தகத்தைத் திறந்து பத்து நிமிஷம் ஆகட்டும், அப்புறம் பார்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் நம் பழைய தமிழ்ப்பள்ளி வாத்தியாரைப் பார்த்தேன். நீ ஜெர்மன் படிக்கிறாய் என்றதும் மனுஷருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சீகன்பால்கு என்ற ஜெர்மன்காரர் 1706இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்து இறங்கிய கதையைச் சொன்னார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 24 வயதுதானாம், உன்னைவிட இரண்டு வயது சின்னவர். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் ‘அ’ எழுதிப் பழகியிருக்கிறார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கி, 1715இல் அது அச்சாகி முடிந்திருக்கிறது. நம் திருக்குறளையும் 1856இலேயே கிரவுல் என்பவர் ஜெர்மனில் கொடுத்துவிட்டாராம். நம் ‘ழ’வையும் ‘ள’வையும் அவர்கள் நாக்கு பழகியிருக்கிறது என்றால் அவர்கள் பேச்சு உனக்கு வராமலா போகும்? வாத்தியார் சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்த மணல்தான். படித்த மனிதர், பெரிய ஆள், பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறார். நீ பி1 என்கிற நடுமட்டப் பாடத்தைத் திறந்தாலே பயமாக இருக்கிறது என்கிறாய். அதை மூடி வை. முதல் புத்தகத்துக்குப் போ. உனக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தை வாய்விட்டுப் படி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உனக்கு எது வருகிறது என்பதையும் நினைத்துப் பார். சில வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும், கூடப் படிக்கிறவர்கள் அதில்தான் தடுமாறுகிறார்கள், எனக்கு அது தமிழ் மாதிரியே இருக்கிறது என்று நீதான் சொன்னாய். உன்னைக் குழப்புவது எண்கள். 24ஐ ‘நாலும் இருபதும்’ என்று திருப்பிச் சொல்கிறார்களே, அது. மருந்து அளவு கேட்கிற தாதிக்கு அது விளையாட்டு இல்லை, நீ பயப்படுவது நியாயம்தான். அதற்குத் தனியாக ஒரு நாள் வை. பஸ்ஸில் போகும்போது எதிரில் வருகிற கார்களின் நம்பரை ஜெர்மனில் சொல்லிப் பார். நானும் அப்படித்தான் மலாய் எண்களைப் பழகினேன், பால் நிறுக்கும் இடத்தில் என் கணக்கை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது என்று.

அப்புறம் அந்தச் சோதனை. அங்கே தாதியாகப் பதிவு செய்ய அதற்கு அடுத்த மட்டமான பி2 வேண்டும் என்பதை மலை மாதிரி பார்க்கிறாய். வாசிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி, ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுத்தால் போதும், தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம் என்று விளக்கியதும் நீதானே? அப்படியானால் நாலு நிரை. ஒவ்வொன்றாக முடி. ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம் உட்கார், நேரம் முடிந்ததும் மனசு வந்தாலும் மூடிவிடு. நடுவில் உள்ள நாளில் டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பில் மெதுவாக வாசிக்கிற செய்தியை எனக்குப் போட்டுக் காட்டினாயே, அதைத் துணி மடிக்கும்போது கேள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அதுவும் வேண்டாம். மழை நாளில் நாங்களும் வெட்டுக்குப் போவதில்லை. மழை விட்டதும் போனோம், விட்ட நாளுக்கும் சேர்த்து வெட்டவில்லை.

நீ தனியாகப் படிக்கிறாய் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. வகுப்பு நேரமும் உன் ஷிஃப்டும் ஒத்துவரவில்லை, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும் இல்லையா? நான் கேட்கிறேன். நீ எழுதி வைத்த அட்டைகள் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் உன் ஜெர்மன். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடு. நான் தமிழ்ப் பக்கத்தைப் படிக்கிறேன், நீ சொல். ஒரு நாளைக்கு 20 அட்டை, அதற்கு மேல் வேண்டாம்.

நீ போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதை நினைத்து நீ படிப்பை நிறுத்தாதே.

பாட்டிக்கு இரண்டு நாளாக மூட்டுவலி. நேற்று எண்ணெய் தேய்க்கும்போது சும்மா, நீ கற்றுக்கொடுத்த ‘வோ டூட் எஸ் வே?’ என்று கேட்டேன், எங்கே வலிக்கிறது என்று. "வலது முட்டியில" என்று உடனே பதில் சொல்கிறாள். அவளுக்கும் எப்போது சொல்லிக்கொடுத்தாய்?

அன்புடன்,
அம்மா