பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் குடும்ப எஸ்யுவிகளை ஒப்பிட்டு உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என்ஜின், கியர், மைலேஜ் எல்லாவற்றையும் நன்றாக அலசியிருக்கிறீர்கள். ஆனால் கட்டுரை முழுக்க டிரைவர் சீட்டில் இருந்தே எழுதப்பட்டிருக்கிறது. குடும்ப வண்டியில் பிள்ளைகள் உட்காருவது பின்னால். அங்கே என்ன நிலைமை என்று ஒரு பத்திகூட இல்லை.

மஸ்டா சிஎக்ஸ்-5ஐ ஓட்டும் சுகத்துக்காகப் பாராட்டியது நியாயம்தான். வளைவுகளில் அலுங்காமல் திரும்பும் வண்டி அது. ஆனால் 2017இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையில், பின்னால் கால் வைக்கும் இடமும் டிக்கியும் ஹோண்டா சிஆர்-வியைவிடச் சிறியவை. சிஆர்-வியின் பின் கதவுகள் கிட்டத்தட்ட 90 டிகிரி திறக்கும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கிக் குழந்தை சீட்டில் வைக்கும்போது ஒரு கை தலையைத் தாங்கும், இன்னொரு கை பெல்ட்டைத் தேடும். கதவு பாதியில் நின்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பியும் அப்படித்தான். சில வண்டிகளில் மூடியைத் தள்ளியதும் கண்ணில் படுகிறது. சிலவற்றில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே விரலை விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது.

இதைவிட முக்கியமானது பாதுகாப்பு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கி, வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு 2022இல் தன் முன்பக்க மோதல் சோதனையை மாற்றியது. டிரைவருக்குப் பின்னால் 12 வயதுப் பிள்ளையின் அளவில் ஒரு பொம்மையை உட்காரவைத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டார்கள். சோதித்த 15 சிறிய எஸ்யுவிகளில் ஃபோர்டு எஸ்கேப், வால்வோ எக்ஸ்சி40 இரண்டுக்கு மட்டுமே 'நன்று' கிடைத்தது. டொயோட்டா ராவ்4 அதற்கு அடுத்த படியில் வந்தது. சிஆர்-வி, சிஎக்ஸ்-5, ஹூண்டாய் டூசான் உட்பட ஒன்பது வண்டிகள் கடைசிப் படியில் நின்றன. ஆம், நான் மேலே புகழ்ந்த சிஆர்-வியும்தான்.

காரணம் பெரும்பாலும் பெல்ட். மோதும் கணத்தில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவியும், பிறகு மார்பு நசுங்காமல் கொஞ்சம் தளர்த்திவிடும் கருவியும் முன் சீட்டுகளில் எப்போதோ வந்துவிட்டன. பின் சீட்டுக்கு அவை பல வண்டிகளில் வரவில்லை. பெல்ட் இடுப்பெலும்பில் நிற்காமல் வயிற்றுக்கு ஏறினால் உள்ளுறுப்புகளில் அடிபடும். அந்தச் சோதனைக்குப் பிறகு பல நிறுவனங்கள் பின் பெல்ட்டைத் திருத்தியிருக்கின்றன. அதனால்தான் எந்த ஆண்டு மாடல், பின் பெல்ட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒப்பீட்டில் வரவேண்டும் என்கிறேன்.

அப்புறம் ஏழு சீட் வண்டிகள். நாங்கள் அப்படி ஒன்றைத்தான் வாங்கினோம். மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சைத் தொடுகிறது. அந்த வரிசையை நிமிர்த்திவிட்டால் டிக்கியில் குழந்தைத் தள்ளுவண்டியை மடித்தும் வைக்க முடியவில்லை. ஏழு பேரும் வரலாம், ஆனால் பை எதுவும் வர முடியாது. கடைசியில் அந்த வரிசை பெரும்பாலும் மடிந்தே கிடக்கிறது. இந்த அளவு வண்டிகளில் ஏழு சீட்டை ஒரு பலமாகக் கணக்கில் எடுக்கும் முன், ஏழும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கி எவ்வளவு என்று அளந்து போடுங்கள்.

நான்கு சக்கர இயக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. வழுக்கும் சாலையில் அது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக் பிடிக்கும்போது கைகொடுப்பது டயர்தான். நான்கு சக்கர இயக்கத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்த இடத்தில் இதையும் சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஒப்பீட்டுக்கு வண்டி எடுக்கும்போது, தயவுசெய்து குழந்தை சீட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் செய்தியாளர் ஒருவர் அதற்குப் பக்கத்தில், பின் சீட்டிலேயே ஒரு மணி நேரம் பயணம் செய்து எழுதட்டும்.

அன்புடன்,
இரண்டு பிள்ளைகளின் தாய்