நோண்டுவது உளவு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆங்கிலப் பகுதியில் 'ஸ்னூப்' என்றால் உளவு பார்ப்பது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 30 வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். அதற்கு மேல் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

உளவு பார்ப்பவருக்கு ஓர் எசமான் உண்டு. வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தை அரசனுக்காகத்தான் எழுதினார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்பை' இருக்கிறது. 'ஸ்னூப்' பண்ணுகிறவரை யாரும் அனுப்புவதில்லை. அடுத்தவர் விஷயம் தெரியாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். யாருக்கும் தெரியாமல் தின்பண்டம் எடுத்துத் தின்பதைச் சொல்லும் 'ஸ்னூபென்' என்ற டச்சுச் சொல், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்துக்குள் வந்து இப்படி ஆயிற்று. அரசாங்கம் போனை ஒட்டுக் கேட்டால் அதையும் பத்திரிகைகள் 'ஸ்னூப்பிங்' என்று எழுதுவது, 'உனக்கு இங்கே என்ன வேலை' என்ற கண்டனத்தோடுதான்.

1986இல் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள், எனக்கு வந்த இன்லண்ட் லெட்டரைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிக் கொடுத்தார். மடிப்பு ஓரத்தில் நசுக்கிய சோற்றுப் பருக்கை காய்ந்து கிடந்தது. எனக்குப் பார்த்த வரன் தட்டிப்போனதை என் அம்மா அதில் எழுதியிருந்தாள். அன்று சாயங்காலமே குழாயடியில் மூன்று பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இது உளவா? "என் பெட்டியை ஏன் நோண்டுறே?" என்று வீட்டுக்கு வீடு கேட்கிற சொல் இருக்கும்போது, உங்களுக்கு மட்டும் ஏன் அது அகப்படவில்லை?

போன வருடம் 'ஈவ்ஸ்டிராப்' என்பதற்கும் இதே உளவைத்தான் போட்டீர்கள். கூரைத் தண்ணீர் சொட்டும் இறவாரத்தில் நின்று, உள்ளே பேசுவதை ஒட்டுக் கேட்டவர்களால் வந்த சொல் அது. அப்போதே இரண்டு கார்டு போட்டேன். பதில் இல்லை. அப்புறம் குறுக்கெழுத்தை நிறுத்தினீர்கள், எழுத்தையும் பொடியாக்கினீர்கள். பொறுத்துக்கொண்டோம். ஆனால் என்னிடம் படித்தவளின் மகள் உங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் நோட்டில் அர்த்தம் எழுதுகிறாள். அதைப் பொறுக்க முடியவில்லை.

அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள்: 'ஸ்னூப்: அடுத்தவர் விஷயத்தை அவருக்குத் தெரியாமல் நோண்டிப் பார்ப்பது.' கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கும்பகோணம்