துணைப் பயிற்சியாளர்களில் ஒருவரையாவது திரும்ப அழையுங்கள்

பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடும் ஒரு பெண்ணின் அம்மா நான்.

தலைமைப் பயிற்சியாளரை மாற்றியதில் எனக்குப் புகார் இல்லை. மூன்று சீசனாகத் தோல்விதான் அதிகம். ஆனால் துணைப் பயிற்சியாளர்கள் அத்தனை பேரையும் அதே மதியம் சேர்த்து அனுப்பிவிட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் மகள் உங்களிடம் வந்தது தலைமைப் பயிற்சியாளருக்காக அல்ல. அவர் எங்களோடு பேசியதே இரண்டு முறைதான். பள்ளி ஆட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர், என் கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னவர் ஒரு துணைப் பயிற்சியாளர். (கூடைப்பந்தில் எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இப்போதும் பெரிதாக இல்லை.) முதல் ஆண்டிலேயே அவளுக்கு முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. நிற்க முடியாத நாட்களில் நாற்காலியில் உட்கார வைத்தே பந்து எறியச் சொல்லி, எதிரே நின்று எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அவர் போன செய்தி அவளுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? வகுப்பில் இருந்தபோது கைப்பேசியில் வந்தது. அணிக் கூட்டம் அதற்கு ஒரு மணி நேரம் கழித்து.

புதிதாக வருபவர் தன் ஆட்களோடு வருவார், அதுதான் வழக்கம் என்பீர்கள். சரி. ஆனால் 2023 ஜூலை முதல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவுக் கூடைப்பந்து அணிகள் ஐந்து துணைப் பயிற்சியாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஐந்தில் ஓரிடம்தானே கேட்கிறேன்?

கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவும் அவருடைய துணைப் பயிற்சியாளர் கிறிஸ் டெய்லியும் 1985-இலிருந்து சேர்ந்தே இருக்கிறார்கள். 2021 தேசியத் தொடரின்போது ஆரியெம்மாவுக்குக் கொரோனா வந்தது. முதல் இரண்டு ஆட்டங்களையும் டெய்லி நடத்தினார், இரண்டிலும் வெற்றி. டென்னசியில் தலைமைப் பயிற்சியாளர் பாட் சம்மிட் தன் மறதி நோயை 2011-இல் வெளியே சொன்ன பிறகு, அந்த சீசனின் பெரும் பாரத்தைச் சுமந்தவர் பல்லாண்டு துணைப் பயிற்சியாளராக இருந்த ஹாலி வார்லிக். பழைய ஆளை வைத்திருந்தால் வெற்றி நிச்சயம் என்று சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டில் தலைமைப் பயிற்சியாளர் டாரா வான்டெர்வீர் 2024-இல் ஓய்வு பெற்றதும் அவருடைய துணைப் பயிற்சியாளரான கேட் பே பொறுப்பேற்றார்; அடுத்த ஆண்டே அந்த அணி 1987-க்குப் பிறகு முதன்முறையாகத் தேசியத் தொடருக்குத் தகுதி பெறவில்லை. ஆனாலும் அங்கே பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தது.

இன்னொன்று, இது உங்கள் கணக்குக்கும் ஆகும். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 2021-இல் விதி மாறிய பிறகு, பிள்ளைகள் வேறு கல்லூரிக்குப் போய் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம். தங்களை நம்பிக் கூட்டி வந்தவரே இல்லாதபோது அவர்கள் எதற்குத் தங்க வேண்டும்? புதிய பயிற்சியாளர் முதல் நாள் ஆள் தேடத்தான் ஓட வேண்டியிருக்கும்.

அந்தத் துணைப் பயிற்சியாளருக்கு வேறு வேலை கிடைப்பதற்குள் அழைத்துப் பேசுங்கள். அப்புறம், அடுத்த முறை எந்த முடிவானாலும் வெளியே அறிவிக்கும் முன் பிள்ளைகளை உட்கார வைத்து நீங்களே சொல்லுங்கள்.

போர்ட்டலில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி என் மகள் இன்னும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன் அம்மா என்றிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டக்காரியின் அம்மா