கழற்றிய ஓஸ் கிளிப்பைத் திரும்பப் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்கால வாகனப் பராமரிப்புக் குறிப்புகளில் கூலண்ட், டயர் காற்று, பேட்டரி எல்லாம் வரும்; ஓஸைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் மட்டும் வராது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் நடுரோட்டில் ஆவி விட்டு நிற்கும் வண்டிகளில் பல, ரேடியேட்டர் கெட்டுப்போய் நிற்பவை அல்ல. கிளிப் நழுவி ஓஸ் கழன்றவை.

ஸ்க்ரூ கிளிப்பைப் பலமுறை கழற்றி மாட்டலாம், பட்டையில் புடைத்திருக்கும் காதை இடுக்கியால் நெரித்து இறுக்கும் காது கிளிப்பை ஒருமுறை போட்டால் அடுத்த தடவை வெட்டித்தான் எடுக்க வேண்டும், ஆகவே ஸ்க்ரூ கிளிப்பே லாபம் என்ற கணக்குதான் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பட்டறைகளில் ஓடுகிறது. அந்த இணைப்பு சுழலுமா, சூடாகி ஆறுமா, அடிக்கடி திறக்க வேண்டியதா என்று பார்த்தபிறகுதான் விலைக்கு வர வேண்டும்.

முன்சக்கர ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை, அதாவது ‘பூட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பூட்டின் ஒரு பக்கம் மடிந்து மறுபக்கம் இழுபடும். கூடவே சுழலவும் செய்யும். ஸ்க்ரூ கிளிப் போட்டால் அதன் திருகு உட்காரும் கூடு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், சுற்றும்போது பக்கத்தில் இருப்பதை உரசும். பிளாஸ்டிக் டை கட்டுவது அதைவிட மோசம். சூட்டிலும் கிரீஸிலும் தளர்ந்துவிடும். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் விசிறியடித்திருந்தால் முதலில் பூட்டையும் அதன் கிளிப்பையும் பாருங்கள். இங்கே காது கிளிப்தான் போட வேண்டும். பூட் உட்காரும் பள்ளத்தில் கிரீஸ் பிசுக்கு இல்லாமல் துடைத்து, சின்ன வாயை லேசாகத் தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிவிட்டு நெரிக்க வேண்டும். அதற்கென்று உள்ள இடுக்கி வேண்டும். கட்டிங் பிளேயரால் நெரித்தால் காதில் வெட்டு விழுந்து, சில மாதங்களில் அங்கேயே விரிசல் விடும்.

காது கிளிப்பில் அளவு தவறினால் இறுக்கி ஒப்பேற்ற வழியில்லை. காதின் உள் அகலம் 7 மி.மீ என்றால், முழுக்க மூடினாலும் சுற்றளவில் குறைவது அந்த 7 மி.மீதான்; விட்டத்தில் 2 மி.மீ சொச்சம். அதனால் ஓஸைக் குழாயில் ஏற்றியபிறகு அதன் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்துவிட்டு வாங்குங்கள். காது முழுக்க ஒட்டிப்போயும் ஓஸ் கையால் சுழன்றால் கிளிப் பெரிது.

ரேடியேட்டர் ஓஸ் கதை வேறு. பல கார்களில் கம்பெனியிலிருந்தே ஸ்பிரிங் கிளிப்தான் (பிளேயரால் அமுக்கினால் விரியும் வளையம்) வருகிறது. கை எட்டவில்லை, பிளேயர் வழுக்குகிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்க்ரூ கிளிப் போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். சரியான வேலை இல்லை. இன்ஜின் சூடானால் ரப்பர் உப்பும், ஆறினால் சுருங்கும். ஸ்பிரிங் கிளிப் அதோடு சேர்ந்து விரிந்து சுருங்கும்; ஸ்க்ரூ கிளிப் வைத்த அளவிலேயே நிற்கும். சூட்டில் பட்டைக்கடியில் நசுங்கிய ரப்பர் நாளடைவில் அந்த நசுங்கிய வடிவத்திலேயே தங்கிவிடும். அப்புறம் மார்கழிக் காலையில் வண்டிக்கடியில் நாலு சொட்டு கூலண்ட் கிடக்கும். இன்ஜின் சூடேறியதும் கசிவு நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ரேடியேட்டர் மூடி உள்ளே பிடித்துவைக்கும் அழுத்தம் பெரும்பாலும் 1 பாரை ஒட்டியது, டயர் கணக்கில் ஏறக்குறைய 15 பாயிண்ட். தளர்ந்த இடத்தில் கசிய அது போதும். எனவே துருப்பிடிக்காத, வாய் அகன்றுபோகாத ஸ்பிரிங் கிளிப்பைத் தைரியமாகத் திரும்பப் போடலாம். பழைய ஓஸ் என்றால் முன்பு பதிந்த தடத்திலேயே உட்கார வேண்டும்.

ஸ்க்ரூ கிளிப்தான் போட்டாக வேண்டும் என்றால், ஓட்டை போட்ட பட்டையைத் தவிர்த்து, உள்பக்கம் வழவழப்பான, ஓரம் மடித்த பட்டை வாங்குங்கள். ஓட்டைப் பட்டையை அழுத்தி இறுக்கினால், இடியாப்ப அச்சில் மாவு பிதுங்குவதுபோல ரப்பர் ஒவ்வொரு ஓட்டையிலும் பிதுங்கி வெட்டுப்படும். சிலிக்கான் ஓஸுக்கு அது ஆகவே ஆகாது. ஓஸின் வெளிவிட்டம் 38 மி.மீ என்றால் 25 முதல் 40 மி.மீ வரை பிடிக்கும் கிளிப்பைவிட 32–50 நல்லது; 25–40இல் அது கடைசிப் பற்களில் போய் நிற்கும். குழாய் முனையில் உப்பு படிந்திருந்தால் (போர் தண்ணீர் ஊற்றும் வண்டிகளில் கட்டாயம் இருக்கும்) எமரி தாளைக் குழாயைச் சுற்றித் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறலே கசிவுக்கு வாய்க்கால். ஓஸ் ஏறவில்லை என்றால் தண்ணீரோ கூலண்ட்டோ தொட்டு ஏற்றுங்கள். கிரீஸோ ஆயிலோ ரப்பரை ஊறவைத்துவிடும். கிளிப், குழாய் முனையைச் சுற்றியுள்ள மேட்டைத் தாண்டி உள்ளே, ஓஸ் நுனியிலிருந்து 3 முதல் 6 மி.மீ விட்டு நிற்க வேண்டும். மேட்டின் மேலேயே போட்டால் சாய்ந்துகொள்ளும். 9 மி.மீ பட்டைக்கு 3 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு போதும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியில் 7 மி.மீ சாக்கெட் மாட்டி மணிக்கட்டால் திருப்பும் பலம் அது. ராட்செட் வேண்டாம். ஒருமுறை ஓட்டி, இன்ஜின் நன்றாக ஆறியபிறகு, கால் சுற்று கொள்கிறதா என்று பாருங்கள்.

கழற்றிய ஸ்க்ரூ கிளிப்பின் திருகைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது தடங்கினாலோ, பற்கள் நீண்டிருந்தாலோ, பட்டை ஒடிந்து மடங்கியிருந்தாலோ குப்பைக்குத்தான். புது ஓஸுக்குப் பழைய கிளிப் வேண்டவே வேண்டாம். பட்டையில் டபிள்யூ 2 என்றிருந்தால் திருகு மட்டும் துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு, டபிள்யூ 4 என்றிருந்தால் முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு. மழையில் நிற்கும் வண்டிக்கு டபிள்யூ 4.

இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் ஓஸில் கம்பெனி என்ன கிளிப் போட்டதோ அதே வகையில் புதிதுதான் போட வேண்டும். அங்கே சிக்கனம் பார்த்தால் தீயில் முடியும்.

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் உதிரிபாகக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். காது கிளிப்புகளை ஒரே டப்பாவில் கலந்து வைக்காமல் மி.மீ வாரியாகப் பிரித்து வையுங்கள். நெரிக்கும் இடுக்கி ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாலே போதும், மெக்கானிக்குகள் கேட்டு வாங்குவார்கள்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
காட்பாடி